எல்லைக் கல்லுக்கு அந்தாண்ட

11 ஜனவரி 1972, மயிலாப்பூர்

ஞாயிறு மலர் ஆசிரியர் சுவாமிநாதன் கூப்பிட்டார். "பள்ளிப்பட்டு எல்லைப் பக்கம் போயிட்டு வாரும் ஓய். மலை, ஆறு, பண்டிகை... அப்படியே அந்த நண்பன் கதையும். ஜனங்க இன்னும் கேட்டுண்டே இருக்கா."

ஆந்திர எல்லை பிரிந்த 1960இல், புதிதாக நட்ட கல்லைத் தொட்டபடி சின்னப்ப ரெட்டி என்ற விவசாயி, "நைனா அந்தாண்ட போய்டுச்சே" என்று அழுதார். 'நண்பனைப் பிரித்த கல்' என்று எழுதினேன். எனக்குப் பெயர் வந்தது அதில்தான். மனைவி கோமளம் அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள்.

14 ஜனவரி

பொங்கல். நாளைக் காலை பயணம். பண்டிகையும் அதுவுமாகக் கிளம்புகிறேன் என்று கோமளத்துக்குக் கோபம்.

15 ஜனவரி

திருத்தணி வரை ரயில், பிறகு பஸ். கரும்புக் கொல்லைகளில் வெல்லம் காயும் வாசனை. நகரி மலையின் மூக்குப் போன்ற சிகரம், பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பார்த்த அதே நீலத்தில்.

ரெட்டி நரைத்திருந்தார். உங்கள் நண்பர் நலமா என்று கேட்டேன். சிரித்தார். கையில் பொங்கல் தூக்கு, புது வேட்டி. கல்லைத் தாண்டி ஒரு புளியமரத்தடிக்கு நடந்தோம். அங்கே ஒரு சமாதி.

"இதாங்க எங்க நைனா. பெத்த அப்பா. எல்லை போட்டப்ப சமாதி இந்தாண்ட மாட்டிக்கிச்சு. பண்டிகைக்குப் படைக்க வருசா வருசம் வருவேன்."

நைனா! ரிக்‌ஷாக்காரன் சிநேகிதனை அப்படி அழைப்பதைக் கேட்டுப் பழகிய மெட்ராஸ் காது எனக்கு. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

"உங்க பேப்பரால ஊரே என்னைச் 'சிநேகிதக்காரன்'னு கூப்பிடுதுங்க. பெத்தவனையே சிநேகிதன் ஆக்கிட்டானாம்!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வேட்டியைச் சமாதிமேல் விரிக்கும்போது சிரிக்கவில்லை.

17 ஜனவரி

தவற்றை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். சுவாமிநாதன் படித்தார். "நன்னா இருக்கற கதையை ஏன் ஓய் கெடுக்கறீர்? உம்ம பேர் என்னாகும்?"

அந்தப் பத்தி இல்லையென்றால் கட்டுரையே வேண்டாம் என்றேன். முப்பது வருஷ வேலையில் முதல் தடவை.

30 ஜனவரி

கட்டுரை வந்துவிட்டது, ஒரு வரி குறையாமல். கோமளம் இரண்டு தரம் படித்தாள். கூடத்துக்குப் போய்க் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி என் மேஜைமேல் வைத்தாள். "பழசை எடுத்துட்டு இதைப் போட்டுண்டு வாங்கோ."

9 பிப்ரவரி

ரெட்டியிடமிருந்து கார்டு. 'பேப்பரைச் சாவடியில் உரக்கப் படித்தார்கள். இப்போது என்னை யாரும் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. உங்களுக்கு வைத்துவிட்டார்கள். சிநேகிதக்காரர் அடுத்த பொங்கலுக்கு வருவாரா என்று கேட்கிறார்கள்.'