நடக்கும் வரைக்கும் அரிசி

பாளையங்கோட்டை
1912 ஆகஸ்டு 14

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு ஹெப்சிபா எழுதுவது. நானும், நீங்கள் கப்பலேறும்போது வயிற்றில் இருந்த பியூலாவும் சுகம். அவளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. கண்டிச் சீமைக் குளிர் உங்கள் நெஞ்சுக்கு ஆகாதே என்று கவலையாயிருக்கிறது. நாலு கடிதத்துக்குப் பதில் இல்லை. கோபம்தான், ஆனாலும் எழுதுகிறேன்.

நாங்கள் இப்போது சபையாரின் தாய்மார் விடுதியில் இருக்கிறோம். வீடுதோறும் உலை வைக்கும்போது எடுத்துவைக்கிற பிடியரிசியில்தான் எங்கள் சாப்பாடு. லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல மனுஷர்கள்தான். ஆனால் பிள்ளை நடக்கும் வரைக்கும்தான் அரிசி, நடந்துவிட்டால் தாய் வெளியே போய்ப் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வைத்துவிட்டார்கள். எங்கே போவது? அதனால் இங்கே ஒருத்தியும் பிள்ளையைத் தரையில் விடுவதில்லை. பியூலா எழுந்து நின்றபோதெல்லாம் நானும் தொடையில் கிள்ளி உட்காரவைத்தேன். அந்தப் பாவம் என்னுடையது, அத்தான்.

மொத்தம் பதினோரு பிள்ளைகள். சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கும், அழாது. வந்து பார்ப்பவர்கள் என்ன அடக்கம் என்று மெச்சுகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியுமுன் நான் மட்டும் திரும்பி வந்தேன். பிள்ளைகளுக்குக் காவலாக விட்டுப்போன சமையல்காரி கோமு அடுக்களையில் இருந்தாள். மழை பெய்த முற்றம் முழுக்கச் சின்னச் சின்னக் காலடிகள். கிணற்றைச் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கின்றன. உள்ளே பதினோரு பேரும் சுவரோரம் அசையாமல் இருந்தார்கள். பியூலாவின் உள்ளங்காலில் ஈரச் சேறு.

வள்ளியூர்ப் பள்ளியில் எனக்கு லேஸ் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. நடக்கிற பிள்ளையென்றால் கூட்டி வரலாமாம், இடுப்புப் பிள்ளை கூடாதாம். இனி அரிசி வேண்டாம், நட கண்ணே என்று கெஞ்சினேன். தூக்கி நிறுத்தினால் கால் மடிகிறது. என் காதோரம் வாயை வைத்து, “அம்மா பாக்கும்போது நடக்கக் கூடாதுல்லா?” என்றாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். முதுகுக்குப் பின்னால் பைய பைய காலடி கேட்டது. திரும்பினேன். உட்கார்ந்திருந்தாள்.

நேற்று விடுதி அம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். நம்பவில்லை. பிள்ளையின் காலைத் தடவிப் பார்த்து, ஐயோ பாவம் என்று இன்னும் ஒரு வருஷத்துக்கு அரிசி எழுதிவிட்டார்கள். வள்ளியூரில் இந்த மாதக் கடைசி வரைதான் பொறுப்பார்கள்.

பணம் அனுப்ப வேண்டாம். நீங்கள் வாருங்கள். உங்களுக்குப் பயந்து அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், உங்களிடம் நடந்து வருவாள். நான் அடுத்த தெருவில் நின்றுகொள்கிறேன். கர்த்தர் உங்களைப் பத்திரமாய்க் கரைசேர்ப்பாராக. அவள் நடப்பதை நான் பார்க்காவிட்டாலும் போகிறது, அத்தான்.

உங்கள்
ஹெப்சிபா