சன்னலோடு மட்டம் பார்த்த மேசை

மேல் டிவிஷன்,
கொட்டகலை.
சனிக்கிழமை.

அன்புள்ள யோகேஸ் அண்ணாவுக்கு,

தங்கை தனுஷிகா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். உங்கள் சுகத்தை நீங்கள் எழுதினால்தான் எங்களுக்குத் தெரியும். எங்கள் போனை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டீர்கள். அதனால் நீங்கள் வேலை செய்யும் வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடையின் விலாசத்தை லொறி ஓட்டும் அழகன் அண்ணனிடம் வாங்கி இதை எழுதுகிறேன். போன் என்றால் வெட்டிவிடுவீர்கள். கடிதத்தைக் கிழிக்கத்தான் முடியும். கடைசி வரை வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

இங்கே ஒரே மழை, பனி. துணி காயவில்லை. அம்மாவுக்கு அட்டை கடித்த இடம் புண்ணாகி இப்போது ஆறிவிட்டது. எனக்கு சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது. கணக்கைப் பற்றிப் பயம் இல்லை. சங்கீதத்தைப் பற்றித்தான் பயம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுவேன். வரிசையாக எழுதாவிட்டால் எனக்கே விளங்காது.

நூலக அலுமாரிச் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. இளைஞர் கழகத்தில் புத்தகம் படிக்கிற ஆள் நான் ஒருத்திதான் என்பதால் தந்தார்கள். அம்மா மலைக்குப் போகும்போது நாம் இருவரும் தொட்டிலில் கிடந்த பழைய பிள்ளைக் காம்பராவில்தான் இன்னும் கழகம் நடக்கிறது. ஒரு மூலையில் அலுமாரி, நடுவில் துரைமார் கிளப்பில் கழித்துத் தந்த பில்லியட்ஸ் மேசை. சனிக்கிழமை தோறும் அலுமாரியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறேன். புத்தகம் கேட்டு ஒருவரும் வருவதில்லை. ஆகவே கழகத்து ஆட்கள் மேசையில் ஆடுவதைப் பார்க்கிறேன். இதை விளையாட்டு என்று சொல்வதற்கு நிறையத் துணிச்சல் வேண்டும்.

தலைவர் கந்தப்பன் மாமா விறகு பிளக்கிற மாதிரி நிற்கிறார். பந்தடிக்கிற கம்பை அவர் பிடிக்கிற பிடியில் அதற்கு உயிர் இருந்தால் மூச்சு நின்றிருக்கும். சத்தம் பெரிதாக வந்தால் அடி நல்ல அடி என்பது அவருடைய கொள்கை. தனுஷன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அடிக்கும்போது ஒரு காலைப் பின்னால் தூக்குகிறான். அடித்த பிறகு எல்லோரும் சேர்ந்து செய்வதுதான் இன்னும் அழகு. பந்து போக வேண்டிய பக்கம் உடம்பைச் சாய்த்து, கையை ஆட்டி, “போ போ போ” என்று அதைக் கெஞ்சுகிறார்கள். பந்துக்குக் காது இருப்பதாக நினைப்பவர்கள்தான் நம் டிவிஷனின் அணி.

மேசையோடு கிளப்பிலிருந்து வந்த பெட்டியில் ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. எப்படி நிற்பது, எப்படிப் பிடிப்பது, எப்படி அடிப்பது என்று படம் போட்ட பழைய புத்தகம். அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். அதில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. கால்களை அகற்றி உறுதியாக நில். நாடி கம்பைத் தொடுகிற அளவுக்குக் குனி. இடது கை விரல்களை விரித்து மேசையில் ஊன்றி, கம்புக்கு அசையாத தாங்கல் கொடு. வலது கை தளர்வாக இருக்கட்டும், முழங்கைக்குக் கீழே மட்டும் அசையட்டும். பந்தைத் தொட்டதும் நிறுத்தாதே, கம்பு அதே கோட்டில் இன்னும் கொஞ்சம் போகட்டும். பந்து ஓடி முடியும்வரை தலையைத் தூக்காதே. இவ்வளவுதான். வயது வந்த ஓர் ஆணால் இதில் ஒன்றைக்கூட ஏன் செய்ய முடியவில்லை என்று எழுதியவர் சொல்லவில்லை. அவர் நம் கழகத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

வீட்டில் நான் அம்மாவின் மட்டக்கம்பை எடுத்துப் பழகினேன். கொழுந்து எடுக்கும்போது செடியின் மேல் வைத்து மட்டம் பார்க்கிற அந்தக் கம்பை விட நேரான கம்பு நம் லயத்தில் எது? குசினி வாங்குப் பலகையில் ஒரு வெற்றுச் சோடாப் போத்தலைப் படுக்க வைத்து, அதன் வாய்க்குள் கம்பு படாமல் போய் வர வேண்டும். முதலில் போத்தல் கிணுகிணு என்று சத்தம் போட்டது. அம்மா, “மலையிலதான் கங்காணி சத்தம், வீட்டுல ஓன் சத்தமா?” என்றார்கள். பிறகு போத்தல் பேசாமல் இருக்கப் பழகிவிட்டது.

கழகத்தில் ஆள் இல்லாத சனிக்கிழமை ஒன்றில் உண்மையான கம்பை எடுத்து, உண்மையான பந்தை அடித்தேன். மெதுவாக, நேராக. பந்து பாதி தூரம் ஒழுங்காகப் போய், பிறகு வெளியே பள்ளம் இருக்கிற பக்கமாக வளைந்தது. என் கைதான் பிழை என்று நினைத்தேன். மறுபடி குனிந்தேன், மறுபடி வளைந்தது. பல வாரம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் எரிச்சலில் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, பந்தைக் கையால் உருட்டிவிட்டேன். அப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் வளைந்தது. என் கையைக் குறை சொல்லக் கம்பே இல்லையே.

அண்ணா, அந்த மேசை சரிந்திருக்கிறது.

கந்தப்பன் மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “நா சன்னலோட மட்டம் பாத்து வச்ச மேச புள்ள இது. கண்ணால பாரு, சன்னல் கட்டையும் மேசையும் ஒரே கோடு” என்றார். உண்மைதான், ஒரே கோடுதான். ஆனால் மண்சரிவு வந்த வருடம் அந்தக் கட்டிடமே பள்ளத்துப் பக்கம் இறங்கியது. சன்னல் இருக்கிற சுவர் தரையை விட இன்னும் அதிகமாகச் சரிந்தது. இறங்கிய சன்னலைப் பார்த்து, அதற்குப் பொருந்தும்படி மேட்டுப் பக்கக் கால்களுக்குப் பலகை கொடுத்து உயர்த்தியிருக்கிறார். தரையின் சரிவு போதாது என்று தன் பங்கும் சேர்த்திருக்கிறார். இதைச் சொன்னேன். “அப்ப சன்னல் பொய் சொல்லுதா?” என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் பதில் கிடையாது.

இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். எழுந்து போய்விடாதீர்கள்.

இந்த மேசையில் ஆடிப் பழகிய எல்லோரும் தெரியாமலே மேட்டுப் பக்கம் கொஞ்சம் தள்ளித்தான் குறி வைக்கிறார்கள். சரிவு மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. பலமாக அடிக்கிறவர்களுக்குத் தள்ளுவது குறைவு, ஏனென்றால் வேகமாகப் போகிற பந்து வளைவதற்குள் குழியில் விழுந்துவிடும். அதனால்தான் இங்கே எல்லோரும் முரட்டடி. மெதுவாக அடிக்கிறவருக்குத்தான் சரிவு முழுதாகத் தெரியும், அவர்தான் அதிகம் தள்ளிக் குறி வைக்க வேண்டும். நம் அணியில் மெதுவாக, ஒழுங்காக, கையைத் தளர்த்தி அடித்தவர் நீங்கள் ஒருவர்தான்.

போன வருடம் ஹட்டனில் நடந்த இறுதி ஆட்டத்தின் வீடியோ என் கூட்டாளி ஜீவராணியின் போனில் இருக்கிறது. அவளும் நானும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். அங்கே மேசை நல்ல மட்டம். ஆட்டத்தைத் தொடங்குகிற முனையிலிருந்து நம் ஆட்கள் அடித்த பந்தெல்லாம் குழிக்கு வலப்பக்கம் தவறுகிறது. நம் மேசையில் அதுதான் மேட்டுப் பக்கம். எதிர் முனையிலிருந்து அடித்ததெல்லாம் இடப்பக்கம். ஒருவர் தப்பாமல் எல்லோரும் அப்படித்தான். முரடர்கள் கொஞ்சமாகத் தவறினார்கள். நீங்கள் கடைசிக் கறுப்புப் பந்தை, குழந்தைகூடப் போட்டிருக்கும் என்று பிறகு எல்லோரும் சொன்ன அந்தப் பந்தை, ஒரு பந்தின் அகலத்துக்குத் தவறவிட்டீர்கள். அதைப் பார்த்துத்தானே கந்தப்பன் மாமா, “இவ்வளவு நேரான பந்த யோகேஸு வேணும்னுதான் விட்டான், பந்தயம் கட்டுன கடக்காரன்கிட்ட காசு வாங்கிட்டான்” என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் நின்று சொன்னார். அதைக் கேட்டுவிட்டுத்தானே அம்மாவும் அன்று ராத்திரிச் சோற்றைப் போட்டுக்கொண்டே, “வாங்கியிருந்தா குடுத்திரு சாமி” என்றார்கள். நீங்கள் சாப்பிடவில்லை. காலை பஸ்ஸில் போய்விட்டீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேளுங்கள். அழகன் அண்ணன் கொழுந்து லொறியின் ஜாக்கியைக் கொண்டுவந்து மேட்டுப் பக்கத்தைத் தூக்க, நான் பலகைகளை உருவி எடுத்தேன். அவற்றைப் பள்ளத்துப் பக்கக் கால்களுக்குக் கொடுத்தோம். தண்ணீர் நிறைத்த போத்தலைப் படுக்க வைத்து, உள்ளே இருந்த குமிழி நடுவில் நிற்கும்வரை பலகைகளை மாற்றி மாற்றி வைத்தோம். பிறகு அணி வந்தது. அண்ணா, நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கந்தப்பன் மாமாவுக்கு ஒரு பந்துகூட விழவில்லை. தனுஷன் இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தான், அப்போதும் இல்லை. “புள்ள மேசைய கெடுத்துட்டா” என்று கத்தினார்கள். நான் வெள்ளைப் பந்தைக் கையால் மெதுவாக உருட்டிவிட்டேன். அது எந்தப் பக்கமும் சாயாமல் போய் மேசையின் எதிர் விளிம்பைத் தொட்டு, வந்த வழியிலேயே திரும்பி வந்தது. எல்லோரும் பார்த்தார்கள். அப்போது சொன்னேன், “எங்க அண்ணன் காசு வாங்கல. நீங்க எல்லாரும் தவறுன அதே பக்கம்தான் அவரும் தவறுனாரு.”

கந்தப்பன் மாமா பந்தைக் கையில் எடுத்துத் துடைத்தார். அழுக்கே இல்லாத பந்து. பிறகு, “அதெல்லாம் பழைய கத, விடு” என்றார். ஒரு மனிதனை ஊரை விட்டுத் துரத்திய பேச்சு அவருக்குப் பழைய கதை.

மறுநாள் பலகைகள் பழைய இடத்துக்கே போய்விட்டன. பழகின மேசைதான் கைக்குச் சரி என்று கூட்டம் கூடித் தீர்மானித்தார்களாம். தைமாதம் மறுபடி ஹட்டன் போட்டி. மறுபடி தோற்கப் போகிறார்கள், மறுபடி யாரையாவது திருடன் என்பார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் எதிரில் ஓர் ஆள் வேண்டுமே.

ஆனால் அம்மாவைப் பற்றி எழுத வேண்டும். அந்த ஞாயிறு சாயந்திரம், அவர்கள் பலகைகளைத் திருப்பி வைப்பதற்கு முன், அம்மா மேலதிக வேலை முடிந்து மலையிலிருந்து நேராகக் கழகத்துக்கு வந்தார்கள். கூடையைக்கூட இறக்கவில்லை. அங்கே அம்மா காலெடுத்து வைத்ததே நம்மைத் தொட்டிலில் விட வந்த காலத்துக்குப் பிறகு அன்றுதான். ஜீவராணியின் போனில் அந்தக் கடைசிப் பந்தைக் காட்டச் சொன்னார்கள். பிறகு மேசையில் பந்தை உருட்டச் சொன்னார்கள். உருட்டினேன். “முந்தி எந்தப் பக்கம் போச்சு?” என்று கேட்டார்கள், காட்டினேன். அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூடையின் கயிறு நெற்றியில் அழுந்தியிருந்தது.

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது அம்மாதான். என்ன எழுத என்று கேட்டேன். “மேச சரிஞ்சிருந்துச்சுன்னு எழுது” என்றார்கள். வேறு என்ன என்றேன். “அது போதும், அவனுக்குத் தெரியும்” என்றுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஆகவே எழுதுகிறேன்: மேசை சரிந்திருந்தது.

என் பங்குக்கு ஒன்று. வீடியோவில் நன்றாகப் பார்த்தேன். கறுப்புப் பந்தை அடிக்கும்போது, பந்து குழியை அடையும் முன்பே நீங்களும் தலையைத் தூக்கிவிட்டீர்கள். மேசையைக் குறை சொல்லிவிட்டு இதிலிருந்து தப்ப முடியாது. பொங்கலுக்கு வாருங்கள், போத்தலை வைத்துப் பழக்கித் தருகிறேன். அடிக்கும்போது மட்டும் தலை கீழேயே இருக்கட்டும். பஸ்ஸை விட்டு இறங்கி பெரட்டுக் களத்தைத் தாண்டி வரும்போது அந்த விதி கிடையாது.

கடவுள் உங்களைக் காப்பாற்றட்டும் என்று வேண்டும்,
உங்கள் தங்கை
தனுஷிகா