கடல் எந்த நாட்டில் சேர்த்தி?

அன்புள்ள எர்லீனுக்கு,

இடுப்பு வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்காதே. நான் சுகம்.

கப்பல் கேப்டவுனில் நின்றபோது, நம் வரிக்கணக்கு பார்க்கும் பிரெஸ்டனைப் போனில் கூப்பிட்டேன். அமெரிக்காவுக்கு வெளியே வருடம் முழுக்க உழைத்தால் அந்தச் சம்பளத்துக்கு வரி இல்லை என்று நானே சட்டத்தைப் படித்துத்தானே கடலடியில் கேபிள் பதிக்கும் இந்தக் கப்பலில் ஏறினேன்? அவன் சிரிக்கிறான்.

"பெரியவரே, வேற நாட்டுல இருந்தாத்தான் விலக்கு. நடுக்கடல் எந்த நாடும் இல்ல. அந்த நாளெல்லாம் கணக்குல சேராது."

"அப்ப நான் எங்கடா இருந்தேன்? உங்கப்பன் வீட்டுக் குளியல் தொட்டியிலயா?"

இனி ஊருக்கு வராமல், கேப்டவுன் துறைமுகப் பட்டறையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் விலக்கு கிடைக்குமாம். உன் இடுப்பு ஆபரேஷனுக்கு வந்தால் கிடைக்காது. வீட்டுக் கூரை மாற்ற வைத்த பணம் வரிக்குப் போய்விடும்.

சட்டம் தப்பு என்று சாகும்வரை சொல்வேன். ஆனால் ஆபரேஷன் தேதியை மாற்றாதே. கூரைக்கு இன்னொரு மழைக்காலம் தார்ப்பாய் போதும். 'வராவிட்டாலும் பரவாயில்லை' என்று நீ எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். வேறொன்று போடு, நாயைப் பற்றியாவது எழுது.

கடிதம் வாங்கிப் போக வந்த படகுக்காரன் கத்துகிறான். மயக்க மருந்து கொடுக்குமுன் வாசல் பக்கம் பார். நிற்பேன்.

நார்பெர்ட்