கறுத்த முட்டைகள்

9 ஆகஸ்ட் 1968, வெள்ளி. சேலையூர்.

காலையில் எத்திராஜ் அண்ணன் பூச்சிமருந்துப் பொடி மூட்டையோடு வந்து நின்றார். நிலம் அவருடையது, மக்காச்சோளச் சோதனை என்னுடையது.

"இன்னா சார், புழு தண்டைத் துன்னுகினு கீது, நீ லென்ஸ் வச்சிகினு முட்டை பாத்துகினு கீறே?"

யூரியா மட்டும் போட்ட பாதியில்தான் புழு அதிகம். மக்கிய எருப் போட்ட பாதியில் தண்டு கெட்டி, புழு குறைவு. அங்கே ஓர் இலையைத் திருப்பிக் காட்டினேன். தண்டுத் துளைப்பானின் முட்டைகள் முழுக்கக் கறுத்திருந்தன. உள்ளே வளர்வது புழு அல்ல, அதைத் தின்று தீர்க்கும் பொடிக் குளவி. மருந்து தூவினால் முதலில் சாவது குளவிதான் என்றேன்.

"ஒரு வாரம் பாக்கறேன், அப்பால நான் சும்மா இருக்க மாட்டேன்" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

போன வருஷம் இதே மாதிரி கறுத்த முட்டைகளை நானே பறித்து எரித்தேன். கூட வேலை பார்த்த ஸ்டெல்லா கத்தினாள்: "நம்ம ஆளையே கொளுத்திட்டீங்களே சார்! எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?" இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. இந்த ஜூனில் அவளை நாகர்கோவிலுக்கு மாற்றிவிட்டார்கள்.

இன்று அந்த இலையைத் திருப்பியதும், "ஸ்டெல்லா, இங்க பாருங்க" என்று வாய்வரை வந்துவிட்டது.

ராத்திரி அவளுக்கு இன்லேண்ட் லெட்டர் எழுதினேன். படித்துப் பார்த்தால் ஆபீஸ் ரிப்போர்ட். அடியில் கொஞ்சம் இடம் மிச்சம். நீங்கள் இல்லாமல் இங்கே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை என்று அதில் எழுதி ஒட்டிவிட்டேன்.

காலைவரை வைத்திருந்தால் கிழித்துப் போட்டுவிடுவேன். கேம்ப் ரோடு தபால் பெட்டிக்கு இப்போதே போகிறேன்.