பல் இல்லாதவன் எழுதிய பல் வைத்தியம்

பாப்பாரப்பட்டி

அன்பு மகள் கோகிலவாணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி அன்பு குடும்பமும் மாடு கன்றும் நல்லபடியாக இருக்கிறோம், லண்டனில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். உன் கம்ப்யூட்டர் சௌக்கியமா? வேலையெல்லாம் இப்போது அதுதான் பார்க்கிறதாமே, அதையும் ஒரு வார்த்தை விசாரிக்காவிட்டால் மரியாதையாக இருக்காது.

கேழ்வரகு அறுத்தாயிற்று, அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் ஊரில் பிள்ளைகளின் பல் மட்டும் வலுவாகிக்கொண்டே போகிறது, எல்லாம் உன் புண்ணியம். பிள்ளைகளின் பல் பராமரிப்பு என்று ஏதோ கம்பெனிக்கு நீ எழுதிய துண்டறிக்கையை வாட்ஸப்பில் அனுப்பினாய் அல்லவா, கீழே உன் பேரைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை, ஜெராக்ஸ் போட்டு மகளிர் குழு முழுக்கக் கொடுத்தேன், சாலம்மாள் அதைக் கதவிலேயே ஒட்டிவிட்டாள். நீ படித்துப் பார்த்தாயா என்று என்னைக் கேட்காதே, எழுதியவளே படிக்கவில்லை, கொடுத்தவள் எதற்குப் படிக்க வேண்டும். போன வாரம் பார்த்தால் உன் தம்பி பெண்டாட்டி சுமலதா, பாப்பாவின் ஸ்கூல் பாட்டிலில் போர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். குழாயில் வந்த ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் குடத்தில் இருக்கும்போது இது எதற்கு என்றேன். அண்ணிதானுங்க அத்தை எழுதியிருக்காங்க, போர் தண்ணியில இருக்கற ஃப்ளோரைடு புள்ளைங்க பல்லுக்கு ரொம்ப நல்லதாமுங்க, ரெண்டு வாரமா இதத்தான் குடுக்கறேன் என்றாள். அவள் ஈரோட்டுப் பக்கத்துப் பெண், நம்மூர் போர் தண்ணீரில் அந்த ஃப்ளோரைடு அளவுக்கு மிஞ்சிப்போய்ப் பல்லையே கெடுக்கும் என்று அவளுக்கு என்ன தெரியும். பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்து புதுப்பல் இப்போதுதான் எட்டிப்பார்க்கிறது, பாட்டிலைப் பிடுங்கி வாசலில் கொட்டிவிட்டேன்.

உனக்குப் போன் போட்டால், அத ஏ.ஐ. எழுதுச்சும்மா, ஃப்ளோரைடு கம்மியா இருக்கற வெளிநாட்டுத் தண்ணிக் கணக்குக்கு அது சரிதான், அவசரத்துல மேலாப்புல பாத்து அனுப்பிட்டேன் என்று சொல்லி, மீட்டிங் என்று வைத்துவிட்டாய். நல்ல கணக்கு. அதற்குப் பல்லும் இல்லை, தாகமும் இல்லை, நம்மூர் தண்ணீரில் ஒரு மடக்குக்கூட அது குடித்ததில்லை. நீ குடித்தவள்தானே. அந்தத் தண்ணீரால் பல்லெல்லாம் காவியேறி, காலேஜில் கேலி செய்கிறார்கள் என்று சோறு தின்னாமல் அழுதவள், சம்பளம் வந்ததும் முதல் வேலையாகப் பல்லுக்கு உறை போட்டுக்கொண்டவள், அந்த வரியை உலகத்தில் யார் கோட்டை விட்டாலும் நீ விடலாமா?

மிஷினை வைத்து எழுதாதே என்று நான் சொல்லவில்லை. அன்புகூட டிராக்டரில்தான் உழுகிறான், ஆனால் அதைத் தானாக ஓடவிட்டுவிட்டு வீட்டில் வந்து படுத்துக்கொள்வதில்லை. வைத்தியம் பற்றி எழுதும்போது ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வந்தது, எந்த ஊர்ப் பிள்ளை இதை நம்பி எதைக் குடிக்கும் என்று பார், சந்தேகம் வந்தால் டாக்டரிடம் கேள், எது மிஷின் எழுதியது என்று கம்பெனியிடமும் மறைக்காதே. நம் ஜில்லா பள்ளிக்கூடங்களுக்கு அச்சடித்துக் கொடுக்கப் போகிறார்கள் என்றாயே, அதற்குள் இது தப்பு என்று உன் பேர் போட்டு எழுதி நிறுத்து. நான் வீடு வீடாகப் போய்த் திருப்பி வாங்கிவிட்டேன், சாலம்மாள் வீட்டுக் கதவைச் சுரண்டியதில் நகம்தான் போயிற்று. பாப்பா பழையபடி ஒகேனக்கல் தண்ணீர்தான் குடிக்கிறாள், கொஞ்ச நாள்தானே, பயப்படாதீங்க என்று பல் டாக்டர் சொன்னார், எனக்குத்தான் பயம் போகவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நல்லா இருக்க வேண்டும், குளிரில் காதை மூடிக்கொள். ஒன்று மட்டும் மறக்காதே. நேற்று பாப்பா உன் காலேஜ் போட்டோவைப் பார்த்துவிட்டு, அத்தை ஏன் வாயைக் கையால மூடிக்கிட்டுச் சிரிக்கறாங்க என்று கேட்டாள். அத்தையே எழுதுவாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதையாவது நீயே எழுது.

இப்படிக்கு,
கையால் எழுதியதால் பிழைகளோடு,
உன் அம்மா ஜானகி