குளிரிலிருந்து எடுத்த வெந்நீர்

இயேசு மரி சூசை துணை

சேந்தமங்கலம்
28-11-1961

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை செல்வமேரி எழுதுவது. நானும் அப்பாவும் ஏதோ இருக்கிறோம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் லாரியில் ஏற்றிவிட்ட பழைய ஐஸ் பெட்டி வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுப் பூவாத்தாள் அக்கா வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "ஏங் கண்ணு, உன்ர அண்ணன் சீருக்கு இரும்புப் பொட்டி அனுப்பிட்டானாக்கும். மாப்பிள்ளை எந்த லாரியில வாராரு?" என்று கேட்டது. நான் அடுப்படிக்குள் போனவள் அது போகும்வரை வெளியே வரவில்லை.

அப்பா கோயிலிலிருந்து வந்து பார்த்தார். "யாரு அனுப்புனது?"

"மேட்டூர்லருந்துங்கப்பா."

"குருமடத்த உட்டுப்போட்டு ஓடுனவன் இப்பப் பொட்டி யாவாரம் பண்றானா?" என்றார். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. நீங்கள் சாமியாராகாமல் திரும்பிய நாளிலிருந்து சொல்வதில்லை.

கொல்லிமலைக் குளிர் கீழே இறங்கிவிட்டது. குளிக்காமல் அப்பா கோயில் மணிக்கயிற்றைத் தொடமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். மழையில் விறகெல்லாம் ஊறிப்போய், இருட்டோடு பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறார். விரல்கள் மடங்குவதில்லை. நேற்றுக் கயிறு நழுவி, மணி பாதியில் நின்றது. ஊரே கேட்டது.

இந்தப் பெட்டி வெந்நீர் போடும் என்று நீங்கள் சொன்னதாக லாரிக்காரர் சொன்னார். ஐஸ் பெட்டியா வெந்நீர் போடும்? அவர் கேலி செய்கிறாரோ என்று நினைத்தேன்.

உங்கள் தங்கை
செல்வமேரி


மேட்டூர்
3-12-1961

அன்புத் தங்கச்சிக்கு,

லாரிக்காரர் கேலி செய்யவில்லை. எங்கள் மீன் ஐஸ் பாக்டரியில் ஒரு பக்கம் ஐஸ் உறையும்போது இன்னொரு பக்கம் குழாய் கொதிக்கும். ஐஸ் செய்வது என்றால் தண்ணீரிலிருந்து சூட்டை வெளியே எடுப்பதுதான். எடுத்த சூட்டை எங்காவது போட வேண்டுமே. நாங்கள் வீணாகக் காற்றில் போடுகிறோம். நீ அதைத் தண்ணீரில் போடப் போகிறாய்.

ஒரு துரை பங்களாவில் கழித்துப்போட்ட பெட்டி அது. கதவையும் வெளிப்பக்கத் தகட்டையும் கழற்றிவிட்டேன். பின்பக்கக் குழாயைச் சுருளாக வளைத்திருக்கிறேன், அது தண்ணீர் டிரம்முக்குள் இறங்க வேண்டும். மடங்கினால் உள்ளே இருக்கும் கேஸ் போய்விடும், குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கு. டிரம்மைப் பெரிய குதிருக்குள் வைத்துச் சுற்றிலும் உமி அடைத்துவிடு, சூடு வெளியே போகாது. தண்ணீர் பிடிக்க அடியில் ஒரு குழாய் வை. ஐஸ் பிடிக்கும் தகரக் கூடு வெளியே காற்றில் நிற்கட்டும். ஒருநாள் அசையாமல் வைத்திருந்துவிட்டு, ஒயர்மேனைக் கூப்பிட்டு எர்த் கம்பி போட்ட பிறகே சுவிட்சைப் போடு.

குளிர்ந்த காற்றிலும் சூடு உண்டு, மேரி. நமக்குத்தான் தெரிவதில்லை.

பெட்டி மேட்டூரிலிருந்து வந்தது தெரிந்தாலும், இப்படி மாற்றிச் செய்தது யார் என்று அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

தோமினிக்


சேந்தமங்கலம்
12-12-1961

அன்புள்ள அண்ணனுக்கு,

தண்ணீர் சுடுகிறது. கை பொறுக்கும் சூடு. எரியவும் இல்லை, புகையவும் இல்லை. மாடு அசைபோடுவதுபோல் ஒரு சத்தம் மட்டும்.

குளிரிலும் சூடு உண்டு என்று நீங்கள் எழுதியதை நினைத்துக்கொண்டே மாவாட்டினேன். பகலெல்லாம் கரட்டுப் பாறையில் காய்ந்த வெயில், புளியமரத்தடியில் ஒதுங்கிய வெயில், எல்லாம் இருட்டியதும் எங்கே போகிறது என்று சின்னதில் யோசிப்பேன். அது வரிசையாக நடந்து வந்து நம் வீட்டுக் குழாய்க்குள் நுழைகிறது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை, சிரிப்பார்கள்.

தகரக் கூட்டில் பனி பூத்திருக்கிறது, அண்ணா. நிஜப் பனி. வருடா வருடம் கிறிஸ்துமஸ் குடிலுக்கு இலவம் பஞ்சைத்தானே பனி என்று ஒட்டுவோம்? அந்தக் கூடு பார்க்கக் குகை மாதிரியே இருக்கிறது. மாதாவையும் சூசையப்பரையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டேன். பனி வளர வேண்டும் என்று மிஷினை நிறுத்துவதே இல்லை. பூவாத்தாள் அக்கா விரலால் தொட்டுவிட்டு, "உங்க சாமி குளுருல நடுங்குமே புள்ள, ஒரு கம்பளி போடு" என்றது.

ஆனால் நான் சொல்லாமலே அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, அந்தப் பக்கம் போவதில்லை. "அவன் காய வெச்ச தண்ணி எனக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டார். காலையில் பார்த்தால் டிரம்மில் வைத்த தண்ணீர் வைத்தபடியே இருக்கிறது. நான் மட்டும் வெந்நீரில் குளிக்க வெட்கமாக இருக்கிறது.

செல்வமேரி


சேந்தமங்கலம்
18-12-1961

அண்ணா,

இன்று காலை நடந்ததை உடனே எழுதுகிறேன்.

அப்பா ஈரத் துண்டோடு அடுப்படி வாசலில் வந்து நின்றார். "தண்ணி ஏஞ்சாமி ஆறிப்போச்சு?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவர் தினமும் அதில்தான் குளித்திருக்கிறார். குளித்துவிட்டு, நான் எழுவதற்குள் கிணற்றில் சேந்தி டிரம்மை நிரப்பி வைத்திருக்கிறார்.

அவர் சுவரைப் பார்த்தார். "இத்தன நாளாக் கயிறு நல்லாக் கைக்குள்ள நின்னுச்சு" என்றார். பிறகு, "பண்ணுனவனத்தான் வரச் சொல்லோணும்" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனார்.

மிஷின் ஓடுகிறது. பனியும் கட்டி கட்டியாக இருக்கிறது. தண்ணீர் மட்டும் சுடவில்லை. வாருங்கள்.

செல்வமேரி


மேட்டூர்
20-12-1961

அன்புத் தங்கச்சிக்கு,

தப்பு உன் குடிலில்தான். பனி தடித்துவிட்டால் காற்று கூட்டைத் தொட முடியாது, சூடும் வராது. மாதாவையும் சூசையப்பரையும் எடுத்துவிட்டு, அரைநாள் சுவிட்சை அணைத்து வை. பனி உருகிவிடும். மறுபடி போட்டால் சுடும். அவ்வளவுதான். இதற்கு நான் வர வேண்டியதில்லை.

அவர் கேட்டது மிஷின் செய்தவனை, மேரி. மகனை அல்ல. திருநாளும் அதுவுமாக என்னைப் பார்த்து அவர் முகம் திருப்ப வேண்டாம். இங்கே திருநாளுக்கு மீன் லோடு அதிகம், வேலை இருக்கிறது.

தோமினிக்


சேந்தமங்கலம்
22-12-1961

அன்புள்ள அண்ணனுக்கு,

தபாலுக்கு நேரமில்லை. லாரிக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் கடிதம் எதையும் அவர் இதுவரை கேட்டதில்லை. மகனை அல்ல என்று நீங்கள் எழுதிய வரியையும் விடாமல் வாசித்தேன். அவர் கடைசிவரை எழுந்து போகவில்லை.

"அப்பா, அணைச்சிரட்டுங்களா?" என்று சுவிட்சுக்குப் பக்கத்தில் போனேன்.

"வேண்டாஞ்சாமி. தெரியாதவங்க மிஷின்ல கை வெக்கப்படாது. அவனே வந்து அணைக்கட்டும்" என்றார்.

அணைப்பது எப்படி என்று இப்போதுதான் அவர் காதில் விழ வாசித்திருந்தேன், அண்ணா.

இன்று காலையும் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தார். விரலைத் தேய்த்துக்கொண்டே மணி அடிக்கப் போனார். நீங்கள் வருகிறவரை அப்படித்தான் செய்வார். அவரை எனக்குத் தெரியும்.

இருபத்துநாலாம் தேதி வந்துவிடுங்கள். வந்ததும் அப்பா உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். மிஷினைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார். நீங்களும் மிஷினைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
செல்வமேரி