வாசலில் தொங்கிய கதிர்க்குஞ்சம்

1973, தை 3, செவ்வாய்

சம்பா தலைசாய்ந்து நிற்கிறது. பண்ணை கூலியை ஏற்றிக் கொடுக்கிற வரைக்கும் எவரும் வயலில் அரிவாள் வைக்கக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம். வாசித்தது செயலாளர் காத்தான். கீழே நான் கையெழுத்தே போட்டேன். அஞ்சாவது படித்தவள், கைநாட்டு வைப்பேனா?

தை 5, வியாழன்

விடிந்து பார்த்தால் வாசல் நிலையில் ஒரு கதிர்க்குஞ்சம். கதிர்த் தாளில் ஈரம்கூடக் காயவில்லை. வருஷா வருஷம் முதல் கதிரில் பின்னிக் கட்டுவோம், சிட்டுக்குருவி வந்து கொத்தும். அதைப் பின்ன என்னை விட்டால் இந்த ஊரில் ஆள் கிடையாது. இதைச் செய்தவன் போட்டிருப்பது கிடாய் கட்டுகிற முடிச்சு. பார்க்கப் பார்க்கக் கை அரித்தது. அவிழ்த்து, தண்ணீர் தெளித்து, மூணு அடுக்காகப் பின்னி, கொண்டை வைத்துத் தொங்கவிட்டேன்.

பேத்தி வேம்பு பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று. "அவங்க கட்டினதை ஏன் அப்பாயி பிரிச்சே?"

எவங்க?

அடுப்படிக்குப் போய்விட்டாள். ஓஹோ.

அதே நாள், சாயந்திரம்

புத்தி இப்போதுதான் வருகிறது. ஊரில் அறுப்பே ஆரம்பிக்கவில்லை. கதிர் எங்கிருந்து வந்தது? பண்ணை வயலிலிருந்துதான். பின்னலைப் பார்த்தால் ராமாயி கை என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். பெருமையாக வாசலில் நின்றேனே, எருமை மாதிரி. பண்ணைக் காரியக்காரர் பஞ்சநதம் அந்தப் பக்கம் போனவர், உங்க சங்கமே அறுக்க ஆரம்பிச்சாச்சா என்று கேட்டுச் சிரித்தாராம். நாளைக்குக் கூட்டம்.

வேம்பு அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். அறுத்தது காத்தான். தீர்மானம் வாசித்த அதே காத்தான். இவளுக்குக் கொடுக்கத்தான். தெரிந்தால் சங்கத்தை விட்டே தள்ளிவிடுவார்கள். தள்ளினவனுக்கு என் மகன் ரெத்தினம் பெண் கொடுப்பானா? சங்கக் கொடி பிடிக்கிறவனாச்சே. பழி என் மேலேயே கிடக்கட்டும். வாயைத் திறக்கமாட்டேன்.

தை 6, வெள்ளி

திறந்துவிட்டேன்.

அறுத்தது யாரென்று கேட்க வேண்டியவனே காத்தான்தான். அவன் கேட்கவில்லை. எழுந்து நின்று, "அறுத்தது நான். பின்னினதும் நான். ராமாயி ஆத்தா மேல குத்தமில்ல" என்றான்.

என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறான், தெரியாமலில்லை. அதுக்காக அந்தப் பின்னலை அவன் பேரிலா எழுதுவார்கள்? எழுந்துவிட்டேன். "அறுத்தது அவன். பின்னினது நான். மாத்தி எழுதாதீங்க."

சங்கத்தில் மூத்தவர் வீரையன், அவர் விடுவாரா. "அப்ப உனக்கா கொண்டாந்து குடுத்தான், ராமாயி?"

கூட்டமே சிரித்தது. எனக்கு வந்த கோபத்துக்கு—

அதற்குள் வேம்பு எழுந்தாள். "எனக்குத்தான் குடுத்தாங்க."

சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. ரெத்தினம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். வீரையன் தாடையைத் தடவிக்கொண்டே யோசித்தார். கூலிக்கு அறுத்தாத்தானப்பா கட்டுப்பாடு மீறுனது, இவன் என்ன கூலியைக் கண்டான் என்றார். சங்கத்தில் இருக்கலாம், செயலாளர் வேலை மட்டும் கிடையாது என்று முடிவு.

ஏட்டில் என் பேரைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

தை 7, சனி

ரெத்தினம் யாரோடும் பேசவில்லை. சோறு மட்டும் ரெண்டு தட்டு தின்றான்.

தை 13, வெள்ளி

பண்ணை இறங்கி வந்தது. கூலி ஏறியது. நாளைக்கு அறுப்பு.

தை 22, ஞாயிறு

உச்சி வெயிலில் களத்திலிருந்து காத்தான் தண்ணீர் கேட்டு வந்தான். முந்தாநாள் வரைக்கும் அவனை நேருக்கு நேர் நின்று வைதவள் என் மருமகள், வேம்புவின் அம்மா பொன்னுத்தாய். இன்றைக்குக் குரல் கேட்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவுக்குப் பின்னால், மாப்பிள்ளை வந்தால் மாமியார்கள் நிற்கிற இடத்தில், போய் நின்றுகொண்டாள். தண்ணீர்ச் செம்பை என் கையில் கொடுத்து அனுப்பினாள்.

ரெத்தினம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பாயில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.